கலிமா அழிப்பதும் அழிக்காததும்

 



நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு முஸ்லிமின் வீட்டுக்கு அடுத்த வீடு கிறிஸ்தவருடையதாக இருப்பது புதுமையன்று. தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் இடலாக்குடியிலும் குளச்சலிலும் பாங்கோசையைக் கேட்கும் காதுதான் ஆலய மணியோசையையும் கேட்கிறது. ஆகவே மார்க்கப் பேச்சு நமக்குக் கிதாபுகளில் மட்டும் வருவதில்லை. சாயாக்கடைப் பெஞ்சிலும் ரப்பர் தோட்டத்திலும் வருகிறது. அப்படி வந்த ஒரு கேள்வியையும், அதற்கு நாம் முதலில் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு பதிலையும், அந்தப் பதிலைத் திருத்திக் கொள்ள நேர்ந்த விதத்தையும் இங்கே எழுதுகிறோம்.

மலையோரத்து ஊர் ஒன்றில் ரப்பர் பால் வெட்டும் வேலை செய்து வந்த இளைஞர் ஒருவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், இரண்டு ஆண்டுகள் நூல்களைப் படித்தும் பலரிடம் கேட்டும் தெளிந்து, ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் வந்து கலிமா மொழிந்தார். ஜமாஅத்தார் கட்டித் தழுவினர். முதியவர் ஒருவர் கண்கலங்கி, "இன்றைக்குத் தாய் வயிற்றிலிருந்து பிறந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டாய் மக்களே" என்றார். நாமும் அவருடைய தோளில் கை வைத்து, "முந்தியது எல்லாம் அழிந்தது தம்பி. ஒன்றும் பாக்கியில்லை" என்று சொன்னோம்.

ஒரு மாதம் கழித்து அவரே நம்மைத் தேடி வந்தார். முகத்தில் களையில்லை. "ஹஸ்ரத், எல்லாம் அழிந்ததென்று சொன்னீங்களே, அதில் சீட்டுப் பணமும் சேருமா?" என்று கேட்டார். விசாரித்தோம். கலிமாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் அண்டியாபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை செய்யும் பெண்களிடம் கிறிஸ்துமஸ் சீட்டு பிடித்திருக்கிறார். வாரந்தோறும் தோடு உடைத்துக் கை கறுத்த பெண்கள் கொடுத்த சில்லறை. பண்டிகை நெருங்கிய நேரத்தில் அந்தப் பணம் அவரிடம் இல்லை. வேறு ஊருக்குப் போய்விட்டார். முப்பத்தொரு பேர். நோட்டுப் புத்தகம் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. "ஒன்றும் பாக்கியில்லை" என்று சொன்ன வாய் நம்முடையது. பத்தாண்டுகள் மதரஸாவில் ஓதிவிட்டு, ஒரு மனிதர் தம் வாழ்வையே மாற்றிக் கொள்கிற நேரத்தில் பாதி மஸ்அலாவை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். மகிழ்ச்சியில் சொன்னது என்பது ஒரு சமாதானமாகுமா?

இந்தச் செய்தி எப்படியோ அவர் பழைய சபையில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் காதுக்குப் போயிற்று. அவர் நமக்கும் பழக்கமானவர். மனக்கசப்பு அவருக்கு இல்லாமலில்லை, ஆனால் நேர்மையானவர். ஒருநாள் சாயாக்கடையில் கண்டு, "மௌலவி, எங்க பையனை நீங்க எடுத்துக்கிட்டீங்க. ஒண்ணு கேக்கேன். எங்களிலே ஒருத்தன் விசுவாசிச்சதும் நீதிமானாக்கப்படுகான், பரிசுத்தமாக்கப்படுகான்னு ரெண்டு காரியம் சொல்லுவோம். உங்களிலே கலிமா சொன்னதும் இதில் எது நடக்குது? ரெண்டுமா, ஒண்ணா, ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார்.

கேலிக்காகக் கேட்ட கேள்வியல்ல அது. அவர்களுக்குள்ளேயே ஐந்நூறு ஆண்டுகளாகத் தீராமல் இருந்து வந்த வழக்கு. அதைச் சற்று விளங்கிக் கொண்டால்தான் நம் மார்க்கம் கூறும் விடையின் அருமை தெரியும். அண்டை வீட்டார் எதை நம்புகிறார்கள் என்று சரியாகத் தெரியாமல் அதை மறுத்துப் பேசுவது நம்மவரிடம் உள்ள ஒரு குறை. அதையும் சொல்லிவிடுகிறோம்.

"நீதிமானாக்கப்படுதல்" என்றால், பாவியான மனிதன் இறைவனுடைய சந்நிதானத்தில் குற்றமற்றவன் என்று ஏற்கப்படுவது. "பரிசுத்தமாக்கப்படுதல்" என்றால், அவனுடைய உள்ளமும் நடத்தையும் உண்மையிலேயே தூய்மையாவது. முதலாவது தீர்ப்பு; இரண்டாவது மாற்றம். இவ்விரண்டும் மதம் மாறும் அந்தக் கணத்திலேயே சேர்ந்து நிகழ்கின்றனவா, அல்லது ஒன்று அக்கணத்திலும் மற்றது வாழ்நாள் முழுதுமாகவுமா என்பதுதான் வழக்கு.

இதன் ஒவ்வொரு கட்சியாரும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 1544ஆம் ஆண்டின் இறுதியில் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவ மக்களுக்கு ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதினார். கோட்டாற்றில் உள்ள பேராலயம் அவர் பெயரால்தான் விளங்குகிறது. அந்தக் கத்தோலிக்கரின் கொள்கைப்படி, ஞானஸ்நானத்தில் பாவமன்னிப்பும் உள்ளத்தின் புதுப்பிப்பும் சேர்ந்தே நிகழ்கின்றன. வெறும் தீர்ப்பு மட்டுமன்று. இதை அவர்கள் 1547 ஜனவரியில் திரெந்து நகரில் கூடிய சங்கத்தில் திட்டவட்டமாக அறிவித்தார்கள். கடற்கரையில் ஞானஸ்நானம் நடந்து முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்தான் அதன் பொருள் என்ன என்று சங்கம் தீர்மானம் எழுதியது என்பதையும் கவனிக்கலாம்!

சங்கம் அப்படி அறிவிக்கக் காரணமானவர் ஜெர்மனியின் மார்ட்டின் லுத்தர். அவர் சொன்னது: மனிதன் விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாகிறான், அந்த நீதி அவனுக்குள் இருப்பதன்று, ஈஸா நபியவர்களின் நீதி அவன் கணக்கில் எழுதப்படுவது, ஆகவே விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான், நற்செயல்கள் அதன் கனிகளாகப் பின்னால் வரும். நாகர்கோவிலில் 'கன்கார்டியா' என்ற இறையியல் கல்லூரி இந்த லுத்தரன் மரபினருடையதுதான். அதே நாகர்கோவில் வடசேரியில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்தும் இரட்சணிய சேனையார் வேறொன்று சொல்கிறார்கள். மனந்திரும்பி மன்னிப்புப் பெற்ற பின்னரும் முழுப் பரிசுத்தம் என்ற ஓர் அருள் இருக்கிறது. அதை விசுவாசி இவ்வுலக வாழ்விலேயே நாடிப் பெற வேண்டும் என்பது அவர்கள் போதனை. ஞானஸ்நானத் தண்ணீர்ச் சடங்கை அவர்கள் நடத்துவதுமில்லை. ஒரே நகரில், ஒரே வேதத்தைக் கையில் வைத்துக் கொண்டு, அந்தக் கணத்தில் நடப்பது என்ன என்பதில் இத்தனை விடைகள்! 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகச் சங்கத்தாரும் இவ்விஷயத்தில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். அடிப்படையில் ஒத்துப்போகிறோம், மீதி வேறுபாடுகள் பிரிவினைக்குரியவை அல்ல என்பது அதன் சாரம். ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டு கழித்து!

ஏட்டில் உள்ள கொள்கை இருக்கட்டும். நாஞ்சில் நாட்டு மண்ணில் நடந்ததைப் பார்ப்போம்.

மயிலாடியைச் சேர்ந்த மகராசன் என்பவர் தஞ்சாவூரில் 1799இல் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பை ஏற்று லண்டன் மிஷன் சார்பில் 1806இல் மயிலாடிக்கு வந்தவர் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர். 1809இல் அங்கே ஆலயம் எழும்பிற்று. தலைவரி, ஊழியம் என்ற கூலியில்லா வேலை, சாதிக் கொடுமை இவற்றால் நசுங்கிக் கிடந்த மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். ஆனால் அந்தப் போதகர் மகிழ்ச்சியில் மயங்கியவரல்லர். தம்மிடம் சேர்ந்த நூற்றுக்கணக்கானோரில் உண்மையாகவே ஈடேற்றத்தை நாடி வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்று மனம் திறந்து எழுதிவிட்டார். இது நமக்கு வியப்பளிக்கிறது. கணக்குக் காட்ட வேண்டிய ஒருவர், தலைகளைக் கூட்டிக் காட்டாமல் உள்ளங்களைத் தேடியிருக்கிறார். அதே சமயம் நம் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம்: வரியும் அடியும் தாங்காமல் ஓடி வந்தவன் மனத்தில் இறைவனைத் தேடும் நோக்கம் இல்லவேயில்லை என்று மனிதர் எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மானத்தைக் காக்கும் ஓர் இடத்தைத் தேடுவதும் ஒருவகையில் இறைவனைத் தேடுவதுதான். அம்மக்களின் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பட்ட பாடும், 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிட்டதும் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை.

மற்றொருவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரசில் அலுவலராக இருந்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின் மகாராஜாவின் படைத்தலைவரான டச்சுப் படையினர் டிலனாயின் நட்பால் கிறிஸ்தவ மதத்தை அறிந்து, 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறைப்பட்டார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டு வதைக்கப்பட்டதாக அவர்களுடைய வரலாறு கூறுகிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

ஈஸா (அலை) அவர்களை இறைமகன் என்று சொல்லும் நம்பிக்கையை நாம் ஒருபோதும் ஏற்க முடியாது. ஆயினும் இங்கே ஒரு விஷயம் சிந்தனைக்குரியது. ஞானஸ்நானத்திலேயே பரிசுத்தமும் வந்துவிடுகிறது என்று சொல்லும் அதே சபை, அவரைப் புனிதர் என்று அறிவிக்கும்போது 1745ஆம் ஆண்டுத் தண்ணீரை மட்டும் பார்க்கவில்லை. அதன்பின் அவர் பட்ட ஏழாண்டுகளையும், முடிவையும் பார்த்தது. கணத்தை மட்டும் கொண்டு மனிதனை எடைபோட யாராலும் முடிவதில்லை.

நிற்க. நம் திருமறையும் நபிமொழியும் இதற்கு என்ன விடை கூறுகின்றன?

முதலாவதாக, அழிக்கப்பட வேண்டியது எது என்பதிலேயே நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. பிறவியிலேயே ஒட்டிவரும் பாவம் என்ற ஒன்றை இஸ்லாம் ஒப்புவதில்லை. ஆதம் (அலை) அவர்கள் தவறினார்கள், தம் இறைவனிடமிருந்தே மன்னிப்புக் கோரும் வாசகங்களைக் கற்றார்கள், மன்னிக்கப்பட்டார்கள். கதை அங்கே முடிந்தது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது திருமறை பல இடங்களில் திரும்பத் திரும்பக் கூறும் சட்டம். ஆகவே பிறர் பாவம் நம் கணக்கில் ஏறுவதுமில்லை, பிறர் நீதி நம் கணக்கில் எழுதப்படுவதுமில்லை. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத் எனும் இயற்கைத் தூய்மையில் பிறக்கிறது. கலிமா கழுவுவது, மனிதன் தானே பூசிக் கொண்ட அழுக்கை.

எவ்வளவு கழுவுகிறது? அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. மரணப் படுக்கையில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டு நெடுநேரம் அழுகிறார்கள். மகனார் தேற்றுகிறார்கள். அப்போது தம் பழைய நாளை நினைவுகூர்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைத் தம்மைவிட வெறுத்தவர் எவருமில்லை என்றிருந்த காலம் ஒன்று. பிறகு இதயத்தில் இஸ்லாம் நுழைந்தது. பைஅத் செய்ய வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வலக்கரத்தை நீட்டினார்கள். அம்ரு (ரலி) அவர்களோ தம் கையை இழுத்துக் கொண்டார்கள். என்ன விஷயம் என்று கேட்கப்பட்டபோது, ஒரு நிபந்தனை இருக்கிறது, என் பாவங்கள் மன்னிக்கப்பட வேண்டும் என்றார்கள். இஸ்லாம் தனக்கு முந்தியதை இடித்துத் தள்ளிவிடுகிறது என்பதை அறியாயா என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) பதிலுரைத்தார்கள். ஹிஜ்ரத்தும் ஹஜ்ஜும் அவ்வாறே என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

இடித்துத் தள்ளுதல்! பழைய கட்டிடத்துக்கு வெள்ளையடிப்பதன்று. உஹது போரன்று, ஹிஜ்ரி 3இல், பனூ அப்துல் அஷ்ஹல் கூட்டத்து உஸைரிம் என்பவர் அன்று காலைதான் ஈமான் கொண்டு களத்துக்கு வந்து ஷஹீதானார். ஒரு வேளைத் தொழுகைகூட அவர் தொழுததில்லை. அவர் சுவனவாசி என்று நபிகளார் (ஸல்) நற்செய்தி கூறினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் இதை ஒரு விடுகதை போல மக்களிடம் கேட்பார்களாம்: ஒரு தொழுகையும் தொழாமல் சுவனம் புகுந்தவர் யார் என்று. ஆக, தீர்ப்பு அந்தக் கணத்திலேயே கிடைக்கிறது. இதில் நமக்குச் சந்தேகமில்லை. பழைய தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டியதில்லை; பழைய நோன்புகளுக்கு ஈடு இல்லை; முன்பு வணங்கியவற்றுக்காக விசாரணை இல்லை. குளித்துத் தூய்மையாகித் தொழுகையில் நிற்க வேண்டியதுதான். கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது இலந்தை இலை கலந்த நீரில் குளிக்கும்படி நாயகம் (ஸல்) ஏவினார்கள்.

இவ்வளவும் நாம் அந்த இளைஞரிடம் சொன்னோம். சரியாகத்தான் சொன்னோம். சொல்லாமல் விட்டது முஙீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களின் சம்பவத்தை.

முஙீரா (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் தம் தகீஃப் கோத்திரத்தார் சிலருடன் பயணம் போனார்கள். வழியில் அவர்களைக் கொன்று அவர்களின் பொருளை எடுத்துக் கொண்டு, பின்னர் மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவினார்கள். நபிகள் பெருமானார் (ஸல்) அளித்த மறுமொழியின் கருத்து இதுதான்: உம் இஸ்லாத்தை ஏற்றுக் கொள்கிறேன், அந்தப் பொருளைப் பொறுத்தவரை எனக்கு அதில் எச்சம்பந்தமும் இல்லை. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் குறைஷிகளின் தூதராக வந்த உர்வா என்பார் இதே முஙீரா (ரலி) அவர்களைக் கண்டு, நீ செய்த மோசடிக்கு நான் இன்னும் ஓடியாடி ஈடு செய்து கொண்டிருக்கிறேனே என்று ஏசிய செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. அவர் முஙீராவின் குடும்பத்துப் பெரியவர்.

கவனியுங்கள். மனிதர் ஏற்கப்பட்டார். பொருள் ஏற்கப்படவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் பிரித்துக் காட்டிவிட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கலிமா அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையே உள்ள கணக்கைத் தீர்க்கிறது. அண்டியாபீசில் வேலை செய்யும் பெண்ணுக்கும் சீட்டுப் பிடித்தவருக்கும் இடையே உள்ள கணக்கை அது தீர்ப்பதில்லை. ஏனென்றால் அந்தக் காசு அல்லாஹ் அவளுக்கென்று கொடுத்தது. ஒரு நாட்டில் ஒரே சட்டத்தின் கீழ் உடன்பாடாக வாழும் மக்களிடையே ஏற்பட்ட கொடுக்கல் வாங்கல், அடைமானம், அமானிதம் இவையெல்லாம் கலிமாவால் விழுந்துவிடுவதில்லை என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் முடிவு. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள் கூறுகிறார்கள்: பாவத்தை விட்டு நீங்குவது, அதற்காக வருந்துவது, இனிச் செய்யேன் என்று உறுதி கொள்வது. மனிதருடைய உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக, உரியவரிடம் அதைச் சேர்ப்பது அல்லது அவரிடம் மன்னிப்புப் பெறுவது.

இதை உபதேசியார் பெரியவரிடம் சொன்னோம். அவர் சாயாவை ஆறவிட்டுக் கேட்டார்: "அப்பம் அவனே தீத்தாத்தான் தீருமுன்னா, கிருபை எங்கே மௌலவி?" நல்ல கேள்வி. அவர்களில் சிலர் நம்மைப் பார்த்து, நீங்கள் செயலை விற்றுச் சுவனம் வாங்குகிறவர்கள் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. எவரையும் அவர் செயல் சுவனத்தில் சேர்க்காது, தங்களையுமா என்று தோழர்கள் கேட்டபோது, அல்லாஹ் தன் அருளால் போர்த்திக் கொண்டாலன்றி என்னையும்தான் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அருள்தான் சேர்க்கிறது. ஆனால் அருளைப் பெற்றவன் பிறர் பணத்தை மடியில் வைத்துக் கொண்டு நிற்க முடியாது. "கடனைக் கொடுப்பது கிருபையை விலைக்கு வாங்குவதல்ல அண்ணாச்சி, வாங்கின கிருபைக்கு வெட்கப்படுவது" என்றோம். பெரியவர் சிரித்தார். "சகேயுன்னு ஒருத்தன் எங்க சுவிசேஷத்திலும் இருக்கான். அநியாயமா வாங்கினதை நாலு மடங்காத் திருப்பித் தாரேன்னான்" என்றார். அதற்கு மேல் அன்று வாதம் இல்லை.

இனி இரண்டாவது விஷயம், பரிசுத்தம். இது கணத்தில் வந்து முடிந்துவிடுவதாக நம் மார்க்கம் கூறவில்லை. ஈமான் கொண்டோம் என்று வந்து சொன்ன நாட்டுப்புற அரபிகளை நோக்கி, நீங்கள் இன்னும் ஈமான் கொள்ளவில்லை, இஸ்லாத்துக்கு இணங்கினோம் என்று சொல்லுங்கள், ஈமான் உங்கள் இதயங்களுக்குள் இன்னும் நுழையவில்லை என்ற கருத்தில் ஹுஜுராத் அத்தியாயம் பேசுகிறது. வாசலில் நுழைவது வேறு. வீட்டின் உள்ளே போய் அமர்வது வேறு. ஆனாலும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கீழ்ப்படிந்தால் உங்கள் செயல்களில் எதுவும் குறைக்கப்படாது என்று அதே வசனம் அணைத்துக் கொள்கிறது.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊது (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இன்னும் நுட்பமானது. இஸ்லாத்தில் நல்லபடி நடந்தவர் அறியாமைக் காலச் செயலுக்காகப் பிடிக்கப்பட மாட்டார். இஸ்லாத்தில் தீயபடி நடந்தவர் முந்தியதற்கும் பிந்தியதற்கும் பிடிக்கப்படுவார் என்பது அதன் கருத்து. அப்படியானால் இடித்துத் தள்ளப்பட்டது மறுபடி எழும்புமா? இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கினார்கள்: நல்லபடி என்பது உள்ளும் புறமும் ஒன்றாக இஸ்லாத்தில் நுழைவது, தீயபடி என்பது நாவால் மட்டும் நுழைந்து உள்ளத்தில் நயவஞ்சகம் வைப்பது. அந்த இரண்டாமவர் உண்மையில் வாசல்படியே தாண்டவில்லை. அதனால் பழையது பழையபடி இருக்கிறது. இந்த விளக்கமே நமக்கு மனநிறைவு அளிக்கிறது.

நம் சமுதாயத்திலும் இரு முனைகளிலும் தவறியவர்கள் உண்டு. ஈமான் இருந்தால் போதும், பாவம் ஒன்றும் செய்யாது என்றார்கள் முர்ஜிஆக்கள். பெரும்பாவம் செய்தவன் காஃபிராகிவிட்டான் என்றார்கள் கவாரிஜ்கள். அஹ்லுஸ் ஸுன்னத் வல்ஜமாஅத் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அறிஞர்கள் ஏட்டில் முர்ஜிஆக்களை மறுத்து ஆயிரம் ஆண்டுகளாயிற்று. ஆனால் நம் தெருக்களில் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்! "நாங்க பரம்பரை முஸ்லிம்" என்று சொல்லிக்கொண்டு வட்டிக்குக் கொடுப்பவரும், பங்காளியின் தென்னந்தோப்பை வளைத்துப் போட்டவரும், சகோதரிக்கு வாப்பாவின் சொத்தில் பங்கு தராதவரும் யார்? தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள் ஞானம் பாடியது மட்டுமன்று, தறியில் நெய்து பிழைத்தார்கள் என்பதையும் நம் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். ரஜப் மாதத்தில் அவர்களுடைய ஞானப்புகழ்ச்சியைக் கேட்க விடிய விடிய விழித்திருக்கிறோம். அந்த இரவு முடிந்ததும் பங்காளியின் தோப்பு திரும்பக் கிடைத்ததாக நாம் கேட்டதில்லை.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை. அதே இளைஞருக்கு அவ்வூரில் பெண் பேசப் போனோம். "தங்கமான பையன்தான் ஹஸ்ரத், ஆனா புதுசாச்சே" என்றார்கள். தாய் வயிற்றிலிருந்து இன்றைக்குப் பிறந்த பிள்ளை என்று கண்கலங்கியவர்களில் ஒருவர் வீட்டில்தான்! ஷாஃபிஈ கிதாபுகளைப் புரட்டிக் காட்டவும் ஒருவர் முன்வந்தார். கஃபாஅத் எனும் பொருத்தம் பற்றிய பாடத்தில், தாமே இஸ்லாத்தைத் தழுவியவர், தந்தையும் முஸ்லிமாயிருந்த பெண்ணுக்கு நிகராகார் என்று எழுதப்பட்டிருப்பது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அது பெண்ணும் வலியும் விட்டுக் கொடுக்கக்கூடிய ஓர் உரிமையே தவிர, நிகாஹைத் தடுக்கும் விலக்கன்று. விட்டுக் கொடுத்தால் நிகாஹ் நிறைவேறும். அந்தப் பாடத்தைச் சட்டமாக மட்டும் பிடித்துக் கொண்டால், அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரையும் வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கும். அவர்களும் தாமே இஸ்லாத்தைத் தழுவியவர்கள்தாமே! 1981 பிப்ரவரி 19 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் சாதிக் கொடுமை தாளாமல் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே பேசியது. நாமும் பெருமை பேசினோம். வந்தவர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள் எத்தனை பேர், எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு மஹல்லாவும் தன்னைத் தானே கேட்கட்டும். அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று நாம் அறிவித்த மனிதரை நாம் மன்னிக்காமல் இருப்பதற்கு என்ன பெயர்? கலிமா மொழிந்த ஒருவரைப் போர்க்களத்தில் கொன்றுவிட்ட உஸாமா (ரலி) அவர்களிடம், அவர் இதயத்தைப் பிளந்து பார்த்தாயா என்ற பொருளில் நாயகம் (ஸல்) கடிந்து கேட்டார்கள். உஸாமா (ரலி) அவர்களோ, இன்றைக்குத்தான் நாம் இஸ்லாத்தைத் தழுவியிருக்கக் கூடாதா என்று ஏங்கும் அளவுக்கு அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

அந்த இளைஞர் விஷயத்துக்கு வருவோம். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு இருவருமாக உட்கார்ந்து நோட்டைப் பார்த்தோம். தவறிய சீட்டை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுக்க அவரால் இயலாது. பால்வெட்டுக் கூலியில் மாதந்தோறும் இருவர், மூவர் என்று கொடுப்பதாக முடிவு செய்தார். பள்ளிவாசல் பைத்துல்மாலிலிருந்து கொடுத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். கடனாளிக்கு ஜக்காத்தில் பங்கு உண்டு, தடையில்லை. ஆனால் அவரே வேண்டாம் என்றார். தம் கையால் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

முதல் தவணைக்கு நாமும் உடன் போனோம். சம்பளம் போடும் சனிக்கிழமை. ஆலை வாசலில் பெண்கள் வெளியே வந்தார்கள். அவரைக் கண்டதும் இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். அது அவர்களுடைய உரிமை. அவர் தலைகுனிந்து நின்றார். ஒரு வயதான அம்மா பணத்தை வாங்கி எண்ணாமலே முந்தியில் முடிந்து கொண்டு, "நீ துலுக்கனாயிட்டேன்னு சொன்னாங்க. அவங்களா மக்களே குடுக்கச் சொன்னாங்க?" என்று கேட்டார். "ஆமா அம்மா" என்றார் அவர்.

நோட்டில் இருந்த முப்பத்தொரு பேரில் இருபத்தி நான்கு பேருக்குக் கொடுத்தாயிற்று. இருவர் இறந்துவிட்டனர்; ஒருவருடைய மகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். மற்றவருக்கு வாரிசு யார் என்று விசாரித்து வருகிறோம். ஒருவர் கேரளத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார், முகவரி தெரியவில்லை. தேடி முடித்தும் கிடைக்காவிட்டால் அந்தத் தொகையை அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்னாளில் அவர் வந்தால் மீண்டும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். வாரிசைத் தேடும் அந்தப் பெயர் இவருக்குத் தெரிந்ததல்லவா என்று முகவரி விசாரிக்க இப்போது உதவிக் கொண்டிருப்பவர் அதே உபதேசியார் பெரியவர்தான்.

வல்ல நாயன் அந்தச் சகோதரருக்கு மீதியையும் எளிதாக்கித் தருவானாக! ஆமீன்.